யார் வரைந்தது? – ராம் மோகனுக்காக ஒரு மும்பைப் பயணம்

அக்டோபர் 17, 2019, வியாழன் – ரயிலில்

போன வெள்ளிக்கிழமை ராம் மோகன் மும்பையில் காலமானார். வயது 88. "இந்திய அனிமேஷனின் தந்தை" என்று செய்திகள் வந்தன. 2014ல் பத்மஸ்ரீ வாங்கினார் என்பது அடுத்த வரி. பெரும்பாலான செய்திகள் அதோடு நின்றுவிட்டன. சென்னையில் நான் வேலை பார்க்கும் அனிமேஷன் ஸ்டுடியோவில் அவரை நேரில் பார்த்தவர் யாரும் கிடையாது. ஆனாலும் அன்று மதியம் டிபன் பாக்ஸ்கள் பாதிச் சோற்றோடு மூடப்பட்டன. எங்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்தவர்களுக்கு வழி போட்டவர் அவர்.

அந்தேரியில் ஞாயிற்றுக்கிழமை அவருடைய ரசிகர்கள் சிலர் கூடப்போவதாக மும்பை நண்பர் தகவல் அனுப்பினார். "மேடை கிடையாது, பேச்சு கிடையாது. அவர் படங்களைப் போட்டுப் பார்க்கப்போறோம், அவ்வளவுதான்" என்றார். என் பக்கத்து மேஜைத் தம்பியும் வருகிறேன் என்றான். கிளம்பிவிட்டோம்.

எதிர் இருக்கையில் அரக்கோணத்தில் ஏறிய ஒரு குடும்பம். கல்யாணில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த அக்கா குந்தக்கல் வருவதற்குள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்காமலே எங்கள் கையிலும் ஒரு இலையைக் கொடுத்துவிட்டார். உருளைக்கிழங்கு வறுவல் எண்ணெயில் ஊறி அபாரமாக இருந்தது. ரயிலில் வந்த வடைக்கு அதற்குப் பிறகு மதிப்பே இல்லை.

"என்ன விஷயமாப் போறீங்க தம்பி?"

"ஒருத்தர் தவறிட்டாருக்கா. கார்ட்டூன் படம் போடறவர்."

"சொந்தமா?"

இல்லை என்று சொல்லி, மொபைலில் மீனாவின் படத்தைக் காட்டினேன். பாவாடை சட்டை போட்ட பெண், தோளில் மிட்டு என்ற கிளி. அக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கன்வாடியில் வேலை பார்த்தபோது ஒரு பயிற்சியில் இந்தப் படத்தைப் போட்டார்களாம். "அண்ணனுக்குப் பெரிய துண்டு மாம்பழம், இவளுக்குச் சின்னத் துண்டு. அந்தக் கதைதானே? கிளி பேசும்!" என்றார். அண்ணன் இல்லை, தம்பி ராஜு என்று எங்கள் தம்பி திருத்தினான். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா ஞாபகம் இருக்கு. யார் வரைஞ்சதுன்னு கேக்கவே தோணலையே" என்றார்.

மீனா 1990களின் தொடக்கத்தில் யுனிசெஃப் கொண்டுவந்த தொடர். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் பெண். வீட்டில் விடமாட்டார்கள். அவள் கிளியை வகுப்பறைக்கு அனுப்பி எண்ணிக்கை கற்றுக்கொள்வாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் கோழி திருடுபோனதைக் கண்டுபிடிப்பாள். பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இந்தியா என்று எந்த ஊர்ப் பிள்ளை பார்த்தாலும் "இவள் எங்கள் தெருப் பெண்" என்று நினைக்க வேண்டும். உடை, நெற்றி, தலைமுடி, வீட்டுக் கூரை எல்லாவற்றையும் அப்படித் தேர்ந்து வரைய வேண்டும். ராம் மோகன் அதைச் செய்தார். உருவ வடிவமைப்பில் இதைவிடக் கடினமான வேலையை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 18, வெள்ளி – மாட்டுங்கா

ரயில் மணிக்கணக்கில் தாமதம். புனே தாண்டி மலைப்பாதையில் நின்று நின்று வந்தது. காலையில் சேர வேண்டியவர்கள் மதியம்தான் தாதரில் இறங்கினோம். மழை இப்போதுதான் விடைபெற்றிருக்கிறது, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. இங்கே இதற்கு "அக்டோபர் ஹீட்" என்றே பெயர். திங்கள்கிழமை சட்டமன்றத் தேர்தல் என்பதால் தெருவெங்கும் பிரசார ஆட்டோக்கள், மராத்திப் பாட்டு.

மாட்டுங்காவில் அறை எடுத்தோம். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தால் பூக்கடைகள், வாழை இலைக் கட்டு, கருவேப்பிலை, தமிழ்ப் பத்திரிகை தொங்கும் கடை. தம்பி, "ண்ணே, மயிலாப்பூர்ல இறங்கிட்டமா?" என்றான்.

மெஸ்ஸில் இலைச் சாப்பாடு 160 ரூபாய். ரசம் நன்றாக இருந்தது, அவியல் சுமார். எங்கள் மேஜையில் ஒரு பாலக்காட்டு மாமா வந்து உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியவர். "எங்கேர்ந்து வரேள்?" என்று ஆரம்பித்து, வந்த காரணத்தைக் கேட்டதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அரோரா தியேட்டர்ல எம்ஜிஆர் படம் பார்க்கப் போவோம். படத்துக்கு முன்னாடி ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் ஒண்ணு கட்டாயம் போடுவா. வெள்ளம், அணைக்கட்டு, நேரு... பாதி ஜனம் வெளியே பீடி குடிச்சிண்டிருக்கும். ஆனா கார்ட்டூன் வந்தா ஒருத்தன் வெளியே நிக்கமாட்டான்."

அது சட்டமாகவே இருந்தது. மத்திய அரசின் படத் தயாரிப்பு நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் தரும் குறும்படத்தைப் போடாமல் எந்தத் தியேட்டரும் முழுநீளப் படத்தை ஓட்ட முடியாது. அப்படியானால் எத்தனை கோடிப் பேர் அந்தக் கார்ட்டூன்களைப் பார்த்திருப்பார்கள்! அவற்றை வரைந்தவர்களுக்குக் கிடைத்த மாதிரி பெரிய கூட்டம் அந்தக் காலத்து எந்த ஓவியருக்கும் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

மாமாவுக்கு மான் படம் ஒன்று மங்கலாக ஞாபகம் இருந்தது. "ராஜா வேட்டையாட வருவான், ஒரு மான் தானே தலையைக் கொடுக்கும்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது 1957ல் வந்த 'தி பேன்யன் டீர்', புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்று. அதற்கு முந்தைய வருடம்தான் டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்திருந்தார். 'ஸ்னோ ஒயிட்', 'பாம்பி' ஆகியவற்றில் வேலை செய்தவர், மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவிலேயே பிறந்தவர். ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். 1956ல் சேர்ந்த ராம் மோகன் அவர்களில் ஒருவர். வந்தவர் டிஸ்னி ஆள், ஆனால் படத்தின் கோடுகள் அஜந்தா ஓவியங்களைப் பார்த்து வந்தவை. ஆரம்பமே அப்படி அமைந்தது இந்த நாட்டு அனிமேஷனின் பாக்கியம்.

மொபைலில் தேடி எடுத்துக் கொடுத்தோம். மாமா கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முழுப் படத்தையும் பார்த்தார். பரிமாறுகிறவர் இரண்டு முறை மோர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் பில்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் மாமா எழுந்தார். மறுத்துப் பார்த்தோம், "துக்கத்துக்கு வந்திருக்கேள், பேசப்படாது" என்றார்.

அக்டோபர் 19, சனி – பெடர் ரோடு

லோக்கல் ரயிலில் ஏறும்போது என் செருப்பின் வார் அறுந்தது. இறங்கும் வரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்றவர் ஒன்றும் பேசாமல் என் தோள்பையை வாங்கித் தன் முன்னால் மாட்டிக்கொண்டார், நான் இறங்கும்போது திருப்பிக் கொடுத்தார். இந்த ஊர்க்காரர்களின் மரியாதை இப்படித்தான், சிரிக்கக்கூட மாட்டார்கள். பிளாட்பாரத்தில் செருப்பு தைப்பவர் "ஆவோ அண்ணா" என்று கூப்பிட்டு, 20 ரூபாய்க்கு இரண்டு வாரையும் தைத்துக் கொடுத்தார். அறுந்தது ஒன்றுதான். "இதுவும் நாளைக்குப் போகும்" என்றார்.

பெடர் ரோட்டில் ஃபிலிம்ஸ் டிவிஷன் வளாகத்துக்குள்தான் இந்த ஜனவரியில் திறந்த இந்தியத் திரைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் 20 ரூபாய். குல்ஷன் மஹால் என்ற பழைய பங்களாவில் பால்கே காலம் முதல் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் புதுக்கட்டடத்தில் ஒரு தளம் குழந்தைகளுக்கானது. தம்பி அங்கேயே தங்கிவிட்டான்.

நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இந்த நிறுவனத்தின் சம்பளத்தில்தான் அவர் 'ஹோமோ சாப்ஸ்' (1967) போன்ற படங்களைச் செய்தார். பிறகு பிரசாத் புரொடக்‌ஷன்ஸ், 1972ல் சொந்தமாக ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ். 'யூ செட் இட்', 'ஃபயர் கேம்ஸ்' இரண்டுக்கும் தேசிய விருது. நடுவில் மற்றவர்கள் படங்களுக்கு அனிமேஷன் பகுதிகள்: மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி'. பின்னதில் சமஸ்தானங்கள் செர்ரிப் பழங்களாக ஒவ்வொன்றாய் விழுங்கப்படும் பகுதியை ராய் படம் என்று எத்தனை தடவை பார்த்திருப்போம். சினிமாவை ஊன்றிப் படித்தவர்கள்கூட அந்தக் கோடுகள் யாருடையவை என்று சொல்வதில்லை.

இதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். தியேட்டரில் குறும்படம் முடியும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள். டிவியில் முழுநீளப் படத்தின் கடைசிப் பெயர்ப் பட்டியலை வெட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். விழிப்புணர்வுப் படம் என்றால் நிறுவனத்தின் சின்னம் மட்டும் மிஞ்சும். அவர் வேலை செய்தது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். மக்கள் நன்றி கெட்டவர்கள் அல்ல. பெயர் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

திரும்பும்போது பஸ். 2019 ஜூலையிலிருந்து பெஸ்ட் என்ற மும்பை நகரப் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாகத்தான் இருந்தது. சென்னையில் இந்தக் காசுக்கு இப்படி ஒரு ஜன்னலோரக் கடற்காட்சி கிடைக்காது. ஹாஜி அலி பக்கம் வந்ததும் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வடா பாவ் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கினோம். 15 ரூபாய், பொரித்த பச்சைமிளகாய் கேட்கும்வரை கொடுக்கிறார்கள். எல்லோர் மொபைலிலும் ஒரே வீடியோ: முந்தின நாள் சாதாராவில் கொட்டும் மழையில் நனைந்துகொண்டே சரத் பவார் பேசியது. கடைக்காரர் எங்களுக்கும் காட்டினார். பதிலுக்குத் தம்பி தன் மொபைலில் ராம் மோகன் சேர்ந்து இயக்கிய ராமாயண அனிமேஷன் படத்தைக் காட்டினான். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அரே, இது எங்க சின்ன வயசுப் படம்!" என்றார். ஹனுமான் வாலில் தீ வைக்கும் இடம்வரை பார்த்தார். ஜப்பான் படம் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தாராம்.

அக்டோபர் 20, ஞாயிறு – அந்தேரி

ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை. இந்த ஊரில் அதற்கு "மெகா பிளாக்" என்று பெயர். வண்டிகள் குறைவு, கூட்டம் இரட்டிப்பு. ஒரு வழியாகப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் சின்ன ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் படுதா, மேஜைமேல் ராம் மோகனின் படம், அதன் முன் யாரோ வைத்த ஒரு பென்சில். வந்தவர்களும் ஆளுக்கொரு பென்சிலை வைக்க ஆரம்பித்தார்கள். நான் கொண்டுபோனது பாதி தேய்ந்த நீலப் பென்சில். படத்தின் முதல் வரைவுக் கோடு போட நாங்கள் தினமும் பிடிப்பது அதுதான்.

அவரிடம் நேராகப் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். மற்றவர்கள் என்னைப் போன்றவர்கள்: கல்லூரி மாணவர்கள், விளம்பரப் படம் செய்பவர்கள், ஒரு பல் மருத்துவர், பேத்தியோடு வந்த ஒரு மராத்தி அம்மா. எல்லோரும் அந்த அம்மாவைக் காக்கு (மராத்தியில் சித்தி) என்று கூப்பிட்டார்கள். பல ஸ்டுடியோக்களில் செல் பெயின்ட் செய்து, அதாவது கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளில் படத்துக்கு வண்ணம் தீட்டி, ஓய்வு பெற்றவர். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேஜைத் துணியையே செல்லாக வைத்துக் காட்டினார். கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கையுறை போடாவிட்டால் விரல் ரேகை திரையில் பூதமாகத் தெரியும். ஒரு தூசி உட்கார்ந்தால் அந்தத் தாளை மறுபடி துடைக்க வேண்டும். "ராமாயணத்துக்குச் சுமார் ஒரு லட்சம் செல். ஒவ்வொன்றையும் ஒரு மனுஷி தொட்டிருக்கிறாள், ஒரு மனுஷன் தொட்டிருக்கிறான்" என்றார்.

முதலில் மீனா போட்டார்கள், பிறகு மான். ஃபிலிம்ஸ் டிவிஷன் காலத்துப் படங்கள் சில. மதியம் சமோசா, கட்டிங் சாய். இரண்டு மணிக்கு 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'.

இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜப்பானியரான யூகோ சாகோ 1980களில் ராமாயணத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்து, இந்தக் கதையில் மூழ்கிவிட்டார். அனிமேஷனாக எடுக்கலாம் என்றபோது, அந்நியர் ஒருவர் ராமாயணத்தைத் தொடுவதா என்று இங்கே எதிர்ப்பு. அரசாங்கம் கூட்டுத் தயாரிப்புக்கு வரவில்லை. வேலை ஜப்பானில் நடந்தது. இயக்குநர்கள் சாகோ, கோயிச்சி சசாகி, ராம் மோகன். சுமார் 450 கலைஞர்கள். ஜப்பானிய ஓவியர்களுக்கு வேட்டி எப்படிக் கட்டுவது, உட்காரும்போது மடிப்பு எங்கே விழும், சிறியவர் பெரியவர் காலில் விழுந்து ஆசி வாங்கும்போது கை எங்கே போகும் என்று இந்தியக் குழு காட்டிக்கொடுத்தது. நடந்தால் வேட்டி அசையும், அதைப் பிழையில்லாமல் வரைவது எவ்வளவு சிரமம் என்று எங்களைக் கேளுங்கள். 1992ல் படம் முடிந்தது. நான் பார்த்தது பல வருடம் கழித்துக் கார்ட்டூன் நெட்வொர்க்கில், ஹிந்தியில். ஒரு வார்த்தை புரியவில்லை. தசரதன் உயிர் விடும்போது அழுதேன்.

படம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் ஒலி நின்றுவிட்டது. ஸ்பீக்கரா, வயரா, தெரியவில்லை. இரண்டு பையன்கள் மேஜைக்கு அடியில் புகுந்தார்கள். யாரும் படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் விசுவாமித்திரர் பேசுவதைத் தானே பேசினார். ஹால் சிரித்தது. அடுத்த காட்சியில் வேறொருவர் கைகேயிக்குப் பேசினார். பல் மருத்துவர் ராவணன். ஹிந்தியில் ராவணனுக்குப் பேசிய அம்ரீஷ் புரியின் குரலை நெஞ்சிலிருந்து எடுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். எந்த இடத்தில் யார் மூச்சு விடுவார் என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாலம் கட்டும் பாட்டு வந்தபோது ஹால் முழுக்கப் பாடியது. காக்கு தொடையில் தாளம் போட்டார். வாசலில் நின்ற வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து பாடினார்.

எனக்குப் பாட்டு தெரியாது. அதனால் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வானரங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஒவ்வொன்றின் எடையும் முதுகில் தெரிகிறது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் வயது 23, இந்தப் படம் வரும்போது அவன் பிறக்கவே இல்லை.

பையன்கள் வயரைச் சரி செய்துவிட்டார்கள். ஒலி வந்தது. "வேண்டாம், வேண்டாம், குறைச்சு வை" என்று நாலா பக்கமும் சத்தம். கும்பகர்ணன் எழுந்து, போர் முடிந்து, அயோத்திக்குத் திரும்பும்வரை அவர்களே பேசினார்கள். கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் காக்குவின் பேத்தி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஜப்பானியப் பெயர்கள் அவள் வாயில் சிக்கிக்கொண்டன. யாரும் அவசரப்படுத்தவில்லை, ஓடிய பட்டியலை அவளுக்காக நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். ராம் மோகன் பெயர் வந்தபோது இரண்டு தடவை வாசித்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு எதுவும் நடக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கிவைத்தோம். மேஜையில் குவிந்த பென்சில்களைப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்குக் கொடுப்பது என்று முடிவானது. காக்கு எங்களுக்கு ஒரு பொட்டலம் சிவ்டா, நம்ம ஊர் மிக்சர் மாதிரி, கட்டிக் கொடுத்தார். தீபாவளிக்கு ஒரு வாரம்தானே இருக்கிறது, வீட்டில் செய்ததாம்.

அக்டோபர் 21, திங்கள் – திரும்பும் வழியில்

வாக்குப்பதிவு நாள். கடைகள் அடைத்திருந்தன. ஸ்டேஷனுக்கு வந்த டாக்ஸிக்காரர் விரலில் மையோடு வந்தார், குறைந்தபட்சக் கட்டணம் 22 ரூபாயைச் சில்லறையாக எண்ணி வாங்கிக்கொண்டார். ரயில் இன்று நேரத்துக்குக் கிளம்பியது. சிவ்டா சோலாப்பூருக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

அரக்கோணத்து அக்கா மதியம் போன் செய்தார். கல்யாணில் மகள் வீட்டுப் பேரனுக்கு மாம்பழக் கதையைக் காட்டினாராம். "அவர் பேரு என்ன சொன்னீங்க, ராம் மோகன்தானே? மாப்பிள்ளை கேட்டார்" என்றார். ஆமாம் என்றேன்.

அவர் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மீனாதான் முதல், அதிலும் கோழி எண்ணும் கதை. பிறகு மான். அதைப் பெரிய திரையில் பாருங்கள், மொபைலில் அந்தக் கோடுகளின் மென்மை போய்விடும். ராமாயணம் 2 மணி 15 நிமிடம் ஓடும். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. கும்பகர்ணன் எழுந்து வரும் பகுதியில் சின்னதுகள் பயப்படும், அப்போது பக்கத்தில் இருங்கள்.